கிரீடம் போட்ட கடதாசியில் இருந்த சொல்

1

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து ஏறி இறங்கும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கேயோ போவேன். வருடங்களை மாற்றிப் போடுவேன், ஆட்களின் பெயர்கள் மறந்துபோகும். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்க வெட்கப்படுகிற ஆள் நான். கோயிலில் பஜனைக்குக்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பேன். அப்படிப்பட்டவள் ஊரில் இருந்து இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு சொல். நம்முடைய சொல் இல்லை, டெனிஷ்காரருடைய சொல். அந்தச் சொல் எழுதிய கடதாசி ஒன்று போன மாசி மாதம் இங்கே ஒக்லாந்தில் என் கைக்கு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வாயில் புளித்த எச்சில் ஊறுகிறது. ஊரில் பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்றுதான் கொப்பியில் மூன்று தரம் எழுதிக் கிழித்து நாலாம் தரம் எழுதுகிறேன்.

நான் டென்மார்க்கில் இருபத்தொரு வருடம் இருந்தேன். மேற்குக் கரைப் பக்கம், மீன் மணக்கிற ஒரு சின்னப் பட்டினம். வயோதிபர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு சீவுவதும் சட்டி கழுவுவதும் வேலை. கணவர் அங்கேயே நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். மகள் சுகந்திக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தபோது நானும் அவளோடு வந்தேன். பதினொரு வருடமாக ஒக்லாந்தின் தெற்குப் பக்கம் பாபகூராவில் இருக்கிறோம். உடுப்பு மடிப்பது, மூலையில் இருக்கும் டெய்ரிக் கடைக்கு நடந்து போய்ப் பால் வாங்கி வருவது, பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்தால் சாப்பாடு கொடுப்பது. அவளிடம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் பாதி விளங்கும். சோறு போடுவதற்குப் பாதி போதும்.

இங்கே தமிழ்ச் சனத்துக்கு என் பெயர் தெரியாது. "டென்மார்க் அக்கா" என்றுதான் சொல்லுவார்கள். அங்கே இருந்தவள் என்றால் அந்தப் பாஷை தண்ணீராக ஓடும் என்று நினைப்பு. எனக்குத் தெரிந்தது குசினி டெனிஷ். வாளி, கத்தி, தோல், சூடு, கெதியாக, இன்னொரு தரம் கழுவு. அதற்கு மேல் தெரிந்தது, கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரிலிருந்து வருகிற கடிதங்களில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகின சில சொற்கள். கந்தோருக்கென்று அவர்கள் வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதைப் பேச மாட்டார்கள்.

2

ஒக்லாந்தின் மேற்குப் பக்கம் ஹென்டர்சனில் நேசன் என்று ஒரு தம்பி இருக்கிறார். மனைவி புவனா. மூத்த மகள் மதுராவுக்கு முப்பத்திரண்டு வயது, இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழ் விளங்கும், வாயில்தான் வராது. மூன்று வருடம் மாப்பிள்ளை தேடி, கடைசியில் டென்மார்க்கில் ஒரு பெடியன் பொருந்தினான். படித்தவன், நல்ல உத்தியோகம், பத்தில் எட்டுப் பொருத்தம். ஏழு மாதமாக இரண்டு பேரும் போனில் கதைத்துப் பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. கலியாண எழுத்து முடித்துவிட்டு அவன் இங்கே வந்து இருப்பதாக ஏற்பாடு.

விசாவுக்கு இங்கே கேட்கிற கடதாசிகள் உங்களுக்குத் தெரியாது. பிறந்த பதிவு, படித்த பதிவு, பொலிஸ் சான்றிதழ், போதாததற்கு இரண்டு பேருடைய உறவும் உண்மையென்று காட்ட அவர்கள் எழுதிக்கொண்ட மெசேஜுகளும் வேண்டும். பெடியன் வீட்டில் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அனுப்ப, நேசன் தம்பி அச்செடுத்துப் பெரிய பைலாகச் செய்து வைத்திருந்தார். மொழிபெயர்க்கக் கொடுப்பதற்கு முன் எது எந்தக் கடதாசி என்று ஒருக்கால் வாசித்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரயில் மாறி ஹென்டர்சனுக்குப் போனேன்.

போனவுடன் ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. நேசன் தம்பி பைலைத் திறந்தார். மகளும் பெடியனும் எழுதின மெசேஜுகளில் விசாவுக்கு உதவும் என்று நினைத்த இடங்களுக்கு எல்லாம் மஞ்சள் பேனையால் கோடு போட்டிருந்தார். பெற்ற தகப்பன் மகளின் ஆசை வார்த்தைகளை இருந்து வாசித்து அடியில் கோடு கீறியிருக்கிறார். அதில் இரண்டை எனக்கு வாசித்தும் காட்டினார். நான் காப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லகாலம், அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருந்தாள்.

பிறகு சாமித்தட்டிலிருந்து ஒரு கடதாசியைத் தனியாக எடுத்து வந்தார். நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி, மேலே இருந்த கிரீடப் படத்துக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்திருந்தது.

"இதுதானக்கா முக்கியமானது. அரச கிரீடம் போட்டிருக்குப் பாருங்கோ. பெடியன்ரை தாய் சொன்னவ, எல்லாத்துக்கும் மேலை இதை வையுங்கோ எண்டு. பொலிஸ் குடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்."

அந்தத் தாய் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. டென்மார்க்குக்குப் போன காலத்தில் எங்களுக்கு முதல் வந்த நல்ல கடதாசி, அந்த நாட்டில் தங்கலாம் என்று அனுமதி தந்த கடதாசிதான். அதில் கிரீடம் இருந்தது. நானும் அதற்கு மஞ்சள் பூசிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தவள்தான். அன்றிலிருந்து எங்கள் பெண்களுக்குக் கிரீடம் போட்ட கடதாசி எல்லாம் வரம். வாசிக்கத் தெரியாது, எறியப் பயம். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்போம். மகன் எங்கேயோ எறிந்துவிட்டுப் போன கடதாசியை அந்தத் தாயும் அப்படித்தான் எடுத்துப் பூட்டி வைத்திருக்க வேண்டும். நேசன் தம்பிக்கு அதில் பொலிஸ் என்பதைப் போல ஒரு சொல் தெரிந்தது. இங்கே விசாவுக்கு ஒரு பொலிஸ் கடதாசி கேட்டார்கள். இரண்டையும் பொருத்திவிட்டார்.

நான் கண்ணாடியைப் போட்டு மெல்ல மெல்ல வாசித்தேன். பெடியனின் பெயர். அதற்குப் பிறகு அந்தச் சொல். அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் பெயர், தமிழ்ப் பெயர். அவளைப் பின்தொடரக் கூடாது, போன் பண்ணக் கூடாது, எழுதக் கூடாது, அவள் வீட்டடியிலும் வேலை செய்யும் இடத்தடியிலும் நிற்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு. அதில் மூன்று வருடம்தான் கழிந்திருந்தது.

வாயிலிருந்த ரோல்ஸ் உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை. மஞ்சளும் பொரித்த எண்ணெயும் சேர்ந்து மணந்தது. அந்தப் பெண்ணின் பெயருக்கு மேல் யாரோ குங்குமம் தொட்ட விரலை ஒற்றியிருந்தார்கள்.

"என்னக்கா, நல்லாத்தானே எழுதியிருக்கினம்?" என்றார் நேசன் தம்பி.

இந்தக் கண்ணாடி கிட்டத்து எழுத்துக்குச் சரிவராது, வீட்டில் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரயிலில் வரும்போது ரோல்ஸைக் கைலேஞ்சியில் துப்பி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

3

அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் டில்ஹொலெ என்று வரும். அவர்கள் எழுதும்போது கடைசிக்கு முன்னால் இன்னொரு எழுத்தும் போடுவார்கள், வாய்க்குள் விழுங்கிவிடுவார்கள். இன்னதைச் செய், இன்னதைச் செய்யாதே என்று அதிகாரத்தில் இருப்பவர் ஒருவரைக் கட்டுப்படுத்துவது என்று அர்த்தம். கேட்பதும் இல்லை, புத்தி சொல்வதும் இல்லை.

டென்மார்க்கில் தாய் பிள்ளையை அடக்க இந்தச் சொல்லைப் பாவிக்க மாட்டாள். குசினியில் எங்கள் தலைமைக்காரி பொல்லாத மனுசி. சட்டியில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் கத்துவாள். அவள்கூட ஒருநாளும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. டொக்டர் உப்பைக் குறை என்று சொல்லும்போதும் இந்தச் சொல் வராது. இருபத்தொரு வருடத்தில் ஒரு வாயிலிருந்து ஒரே ஒரு தரம்தான் அதைக் கேட்டேன். என்னுடைய குசினியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று தொடங்கியது. எப்படி முடிந்தது என்று எழுத மாட்டேன். மேல்மாடியில் இங்கர் என்று தனியே இருந்த ஒரு வயதான டெனிஷ் மனுசி பொலிசுக்குப் போன் அடித்துவிட்டாள். இரண்டு பேர் வந்தார்கள், ஒரு இளம் பெண்ணும் நரைத்த மீசைக்காரர் ஒருவரும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு அப்போது பாஷை தெரியாது. சுகந்திக்கு எட்டு வயது. எங்கள் வீட்டுக்கு வந்த டெனிஷ் எல்லாவற்றையும் அவள்தான் தமிழாக்குவாள்.

நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இதுதான்: "அம்மா படியில வழுக்கி விழுந்தவ எண்டு சொல்லு."

சொன்னாள். திக்காமல் திணறாமல் வடிவான டெனிஷில் சொன்னாள். பெற்ற பிள்ளையை எட்டு வயதில் பொலிசுக்கு முன்னால் பொய் சொல்ல வைத்தேன். இந்தக் கதையில் எனக்கு மற்றவர்கள் மேல் இருக்கிற அருவருப்பு கொஞ்சமல்ல. ஆனால் முதல் அருவருப்பு இதுதான், அது என்மேல்.

மீசைக்காரர் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கதிரையிலிருந்த என் கணவருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று ஒரு வசனம் சொன்னார். அதில் அந்தச் சொல் இருந்தது. கணவர் சுகந்தியைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் பேசப்படுகிற சொல் இல்லையே. அவள் பொலிஸ்காரரிடமே கேட்டாள். அவர் குந்தி இருந்து அவள் உயரத்துக்கு வந்து விளங்கப்படுத்தினார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்பா இனி அம்மாவுக்கு அடிக்கக் கூடாதாம். இது சும்மா சொல்லுற சொல்லு இல்லையாம். கட்டாயமாம். கேக்காட்டில் இவை திரும்பி வருவினமாம்."

இப்படித்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் படித்தேன். என் பிள்ளைதான் எனக்குச் சொல்லித்தந்தாள். அதன் பிறகு நானும் அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இங்கரோடு இரண்டு வருடம் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வீட்டு மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோபம். பிறகு ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டு பேரும் தனியே நின்றபோது அந்தச் சொல்லைச் சொல்லி என்னவென்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, அது தொப்பி போட்ட சொல் என்றாள். வீட்டுக்குள் அதைச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை, அதை எழுதினால் பின்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம் என்றாள்.

4

மூன்று நாள் யோசித்தேன். இரண்டு தரம் நம்பரை அடித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் தரம் புவனா எடுத்தாள். அது நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை, ஒரு பெண்ணை விட்டு விலகி நிற்கச் சொல்லிப் பொலிஸ் கொடுத்த கட்டளை என்று சொல்லி முடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இதை நீங்கள் வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

தாய் வாயில் வந்த முதல் கேள்வி அது.

சனிக்கிழமை இரண்டு பேரும் பாபகூராவுக்கு வந்தார்கள். சுகந்தி பேத்தியை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்த நேரம். ஒரு பை முந்திரிகைப் பழக் குலை, ஒரு பட்டுச் சேலை. கலியாணத்துக்கு நான் உடுக்க வேண்டுமாம். பதினொரு வருடமாக என் பெயரைக்கூடக் கேட்காதவர்கள்.

அதற்குள் அவர்கள் பெடியனின் தாயோடு கதைத்திருந்தார்கள். அந்தப் பெண் இவனை விரும்பி ஏமாற்றியவளாம், ஏமாற்றிவிட்டுப் பொலிசுக்கும் போனாளாம். டென்மார்க்கில் பொம்பிளை ஒரு சொல் சொன்னால் ஆம்பிளைக்கு இப்படி ஒரு கடதாசி வருமாம், தடிமனுக்கு மருந்து எழுதுகிற மாதிரியாம். அந்தக் கடதாசி பைலுக்குள் போனது தாயின் பிழையாம், பெடியன் அவவோடு மூன்று நாள் கதைக்கவில்லையாம்.

"நான் போன்லை போட்டும் பார்த்தனான்," என்றார் நேசன் தம்பி. "அந்தச் சொல்லுக்கு இன்ஸ்ட்ரக்ட் எண்டுதான் வருது. என்ரை போஸ் எனக்கு விடிய எழும்பினால் இன்ஸ்ட்ரக்ட் பண்ணுறார். அதுக்காக நான் குற்றவாளியோ அக்கா? புத்தி சொல்லுறதுக்கும் அதுதானே சொல்லு."

"புத்தி சொல்லுறதுக்கு அங்கை வேற சொல்லு இருக்குத் தம்பி. இது அது இல்லை."

"நீங்கள் ஐஞ்சாம் வகுப்பு. நான் குறை சொல்லேல்லை. போன் உலகம் முழுக்கப் படிச்சது."

அவர் அதைச் சொல்லும்போது பழத்தைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டு விதையை என் தேத்தண்ணிக் கோப்பையின் தட்டில் துப்பிக்கொண்டிருந்தார். எனக்கென்று கொண்டு வந்த பழம்.

புவனா சேலையின் மடிப்பைத் தடவித் தடவி இருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "நாங்களும்தானக்கா கலியாணம் கட்டினனாங்கள். எங்களுக்கு அடி விழேல்லையோ? நாங்கள் என்ன, பொலிசுக்கோ ஓடினனாங்கள்?"

நேசன் தம்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருடைய வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது.

வந்த காரியத்தைப் பிறகு சொன்னார்கள். எழுத்துக்கு நாள் வைத்தாகிவிட்டது, மண்டபம் பிடித்தாகிவிட்டது, மெல்பேர்னிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் வருகிறது. மதுராவோ டெனிஷ் கடதாசியை யார் வாசித்தது, என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அவள் கேட்டால், பெடியன் நல்லவன் என்று பொலிஸ் கொடுத்த கடதாசிதான் என்று நான் சொல்ல வேண்டும். அந்தக் கடதாசியை அவர்கள் பைலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"நீங்கள் ஒருத்தரோடையும் அலம்பாத ஆள். அதாலை நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள்," என்றாள் புவனா.

நான் தலையாட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். எழுபத்திநாலு வயதில், என் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு, ஓம் என்று தலையாட்டினேன். வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு மறுத்துச் சொல்ல என் கழுத்துக்குப் பழக்கமில்லை. அவர்கள் போனபிறகு அந்தத் தட்டை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

5

புதன்கிழமை பின்னேரம் மதுரா வந்தாள். வேலைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். சுகந்தி வீட்டில் இருந்தாள். பிள்ளை என்னைப் பார்த்து, முடிந்தவரை தமிழில்தான் தொடங்கினாள்.

"அன்ரி, அந்த கிரவுன் உள்ள பேப்பர். அப்பா சொன்னார் அது குட் கரக்டர் லெட்டர் எண்டு. பட் இப்ப அது ஃபைல்ல இல்லை. ஏன் இல்லை?"

சொல்லிக்கொடுத்த பொய் நாக்கில் தயாராக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் கொடுத்த பொய்யும் அளவில் இவ்வளவுதான். ஒரு வசனம். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை தேத்தண்ணி குடித்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.

"அது நல்ல கடதாசி இல்லைப் பிள்ளை," என்றேன்.

அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. கேட்க அவளிடம் தமிழ் இல்லை. சுகந்திதான் இரண்டு பக்கமும் சொன்னாள். கடதாசியில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர், போன் பண்ணக் கூடாது, பின்னால் போகக் கூடாது, வீட்டடியில் நிற்கக் கூடாது, ஐந்து வருடம். சுகந்தி மாற்றிச் சொன்னாள். மதுரா, அது வெறும் அட்வைஸாகவும் இருக்கலாமே, நீங்கள் ஓடர் என்கிறீர்கள், எப்படித் தெரியும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டேன் என்பதைச் சொல்லாமல் அதற்குப் பதில் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது சுகந்தியின் வாய். நான் அவளைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் சுற்றி நடந்த ஒன்று.

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "நான் சொல்லுறன் அம்மா. நீங்கள் ஒண்டும் சொல்லித்தர வேண்டாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

ஆங்கிலத்தில் நெடுநேரம் சொன்னாள். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக விளங்கியது. எய்ட் இயர்ஸ் என்றாள். ஸ்டெயர்ஸ் என்றாள். லை என்றாள். அந்தச் சொல் எனக்கு நன்றாக விளங்கியது. சொல்லும்போது அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

மதுரா கேட்டு முடித்தாள். தனக்கு முன்னே வேறு பெண் ஒருவரும் இருந்ததில்லை என்று அவன் சொன்னதாகச் சுகந்தியிடம் சொன்னாள். பிறகு என்னிடமே திரும்பினாள். இந்தக் கேள்விக்கு அவள் மொழிபெயர்ப்பு வைக்கவில்லை.

"அன்ரி, அந்த வேர்ட் சொன்ன பிறகு உங்கட ஹஸ்பண்ட் கேட்டவரா?"

என் மகளுக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நாலு மாசம் கேட்டவர்," என்றேன். "பேந்து நான் யன்னலைப் பூட்டிப்போடுவன், மேல் வீட்டுக்குக் கேக்காமல்."

சுகந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். மதுராவுக்கு விளங்கிவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. என் கையைப் பிடித்தாள், தாங்ஸ் அன்ரி என்றாள், போனாள். எங்கள் வீட்டு வாசலிலேயே காருக்குள் இருந்து அவனுக்குப் போன் பண்ணினாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பின்னாகப் பதினைந்து நிமிடம் இருக்கும்.

அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று என்று பிறகு சுகந்திக்குச் சொன்னாளாம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நீயே சொல் என்று கேட்டிருக்கிறாள். அவன் சிரித்தானாம். அது பழங்காலத்துச் சொல், மரியாதைக்கு எழுதுவது, இப்போது ஒருவரும் பாவிப்பதில்லை, உங்கள் ஆட்களுக்கு விளங்காது என்றானாம். அந்தப் பெண்ணின் பெயரை அவள் சொன்னவுடன் அவன் குரல் மாறிப்போனதாம். யார் உனக்குச் சொன்னது, அவளா உன்னோடு கதைத்தாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று மூன்று நாலு தரம் கேட்டானாம். அந்தக் கேள்வியோடு முடித்துவிட்டேன் என்றாளாம் மதுரா. ஏழு மாதம் கதைத்த கதை.

6

கலியாணம் நின்றது, மண்டபத்தை விட்டார்கள். அதன் பிறகு நேசன் தம்பி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கதை இல்லை. கோயிலில் என்னைக் கண்டால் இரண்டு மூன்று பெண்கள் பிள்ளைகளை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்கள், எனக்குத் தொற்று வருத்தம் வந்த மாதிரி. சேலையைத் தபாலில் திருப்பி அனுப்பினேன். மதுரா கிளென்ஃபீல்ட் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துத் தனியே போய்விட்டாள். அதுவும் என்னால்தானாம். ஐந்தாம் வகுப்புக் கிழவி, டெனிஷில் நாலு சொல்லுத் தெரியாது, தன் குடும்பத்து ஊத்தையை எங்கள் பிள்ளைக்குப் பூசிவிட்டாள் என்று நேசன் தம்பி சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். ஊத்தை எங்கள் வீட்டில் இருந்தது உண்மைதான்.

சுகந்தி என்னோடு முன்னைப்போலத்தான் இருக்கிறாள். ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த நாளில் யன்னல் பூட்டுகிற சத்தம் தனக்குக் கேட்கும் என்று மட்டும் சொன்னாள். இந்தக் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். போடச் சொன்னாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். என் மானத்தை நானே பத்திரிகையில் போட எனக்கென்ன தலைவிதி. போன வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் புவனா நின்றாள். என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டுமென்று பக்கத்து மனுசிக்குச் சொன்னாள். "நாங்கள் விட்ட இடத்தை ஊரிலை ஒரு ஆக்கள் உடனை பிடிச்சிட்டினம். இருபத்துநாலு வயசுப் பிள்ளையாம், வடிவாம். ஆவணியிலை கலியாணம். அதிர்ஷ்டம் இருக்கிறவைக்குக் கிடைக்கும்." கைவிட்டுப் போன பொருளை வேறொருவர் வீட்டில் கண்டவள் மாதிரி அவளுக்குக் கண் கலங்கியது. எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சோற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் இதை வாசிக்கிற உங்களில் ஒருவராக இருக்கலாம். உங்கள் பக்கத்து வீடாக இருக்கலாம். பெடியனின் பெயரை நான் எழுத முடியாது என்று பத்திரிகை ஆசிரியர் தம்பி சொல்லியிருக்கிறார். டென்மார்க் மாப்பிள்ளை, நியூசிலாந்தில் ஒரு சம்பந்தம் பேசி நின்றுபோனது என்றால் விசாரியுங்கள். இந்த முறை அந்தக் கடதாசியை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

டென்மார்க்கில் படித்து வளர்ந்த பிள்ளைகள், அங்கே கோட்டிலும் பொலிசிலும் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், டில்ஹொலெ என்பதற்கு நான் எழுதிய அர்த்தம் சரியா, அதை யார் யாருக்குச் சொல்லுவார்கள் என்று எழுதியது சரியா, அந்த ஐந்து வருடக் கணக்குச் சரியா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பாஷையில் பள்ளிக்கூடம் இல்லை. நான் பிழையென்றால் ஹென்டர்சனுக்கு ரயில் ஏறிப் போய் நேசன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்பேன். ஆனால் ஆசிரியர் தம்பி, அந்தப் பதில் வரும்வரைக்கும் இதைப் போடாமல் வைத்திருக்க வேண்டாம். ஆவணிக்கு இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது.